சுரங்கத்துக்கு மேலால்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். மகள் பரீட்சை முடித்துவிட்டாள், மிச்சத்தை அவளே உனக்குத் தொலைபேசியில் சொல்லுவாள். நீ போன மாதம் எழுதிய இரண்டு வரிக்குத்தான் இந்தப் பதில். “மலைக்கு அடியால் சுரங்கம் இருக்கும்போது, இந்த வயதில் மேலால் சைக்கிள் உழக்கி என்ன காணப்போகிறாய்?” என்று கேட்டிருந்தாய். எழுத்தில் கேட்டாய், எழுத்திலேயே வாங்கிக்கொள்.

சனிக்கிழமை சுவிஸ் ஆல்ப்ஸ் மலையின் கொத்தார்ட் கணவாயை ஏறினேன். தெற்குப் பக்கத்தில் அய்ரோலோவிலிருந்து பழைய ட்ரெமோலா வீதியால். மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, ஆனால் ஓரிடத்திலும் இறங்கித் தள்ளவில்லை. நெடுவலிடம் மறக்காமல் சொல்: செயின் கழரவில்லை.

நீ இங்கே இருந்த காலத்தில் லுகானோ அக்கா வீட்டுக்கு அந்த மலைக்கு அடியால் எத்தனை தடவை போயிருப்போம்! 1980இல் திறந்த சுரங்கம், ஏறத்தாழ 17 கிலோமீட்டர். முன்னால் ஒரு லொறியின் பின்பக்கம், பக்கத்தில் வாய் பிளந்து நித்திரை கொள்ளும் நீ. ரயிலுக்கு 2016 முதல் 57 கிலோமீட்டர் சுரங்கம் வேறு வந்துவிட்டது. அதில் போகிறவருக்கு மலை என்று ஒன்று குறுக்கே நிற்பதே தெரியாது. இவ்வளவு காலமும் நான் அந்த மலையை அதன் வயிற்றுக்குள்ளால் மட்டுமே அறிந்திருந்தேன் என்பது சனிக்கிழமைதான் உறைத்தது.

அய்ரோலோவுக்கு ரயிலில் போனேன், 1882இல் திறந்த பழைய சுரங்கத்தால். நிலையத்துக்குப் பக்கத்தில் வின்சென்சோ வேலா செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் சிலர் இறந்துபோன தோழனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சைக்கிளைச் சாத்திவிட்டு அதன் முன்னால் கனநேரம் நின்றேன். அந்த வேலையில் இருநூறு பேரளவில் செத்தார்கள், பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1875இல் மறுபக்கத்துக் கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கியால் சுட்டார்கள், நான்கு பேர் போனார்கள். ஒப்பந்தம் எடுத்த லூயி ஃபாவ்ரும் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார். இரு பக்கமும் குடைந்து சந்தித்ததை அவர் பார்க்கவில்லை. நாமும் இந்த நாட்டுக்கு வந்து, விடிய விடிய உணவகக் குசினிகளில் சட்டி கழுவியவர்கள்தானே மச்சான். அந்தச் சிற்பத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி வீதிக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இந்த மலையில் கோவேறு கழுதைப் பாதை மட்டும்தான். 1799 செப்டம்பரில் ரஷ்யத் தளபதி சுவோரொவ் பிரெஞ்சுப் படையோடு சண்டை பிடித்துக்கொண்டே ஏறியது அந்தப் பாதையால்தான். வண்டி வீதி 1820களின் கடைசியில் தொடங்கி 1830களின் தொடக்கத்தில் முடிந்தது. தெற்குப் பக்கத்தை அமைத்தவர் பிரான்செஸ்கோ மெஸ்கினி என்ற பொறியியலாளர். குதிரை இழுக்கக்கூடிய ஏற்றத்தைத் தாண்டக்கூடாது என்பதே அந்தக்கால வீதிக்காரரின் கணக்கு. அதற்காகச் செங்குத்தான சரிவை இருபத்துநான்கு கொண்டை ஊசி வளைவுகளாக மடித்து, ஓரங்களுக்குக் கல்லால் அணை கட்டியிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவர்கள்தான் தெரியும்.

உன் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அய்ரோலோவிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர், ஏறும் உயரம் 930 மீட்டரளவு. சராசரி ஏற்றம் நூறுக்கு ஏழு. கணக்கு மாஸ்டர் உன்னை முட்டுக்காலில் நிறுத்திப் படிப்பித்த அதே கணக்கு! குதிரைக்காகப் போட்ட வீதி, நிதானமாக உழக்கும் மனிதனுக்கும் இடம் கொடுக்கிறது. இத்தாலிப் பக்கத்து மொர்திரோலோவைப் பார், வண்டிகளுக்கென்று போடாத ஒடுங்கிய மலைப்பாதை, சராசரியே நூறுக்குப் பத்துக்கு மேல். 2757 மீட்டர் உயரத்துக்குப் போகும் ஸ்டெல்வியோவோ கார்லோ டொனெகானி 1820–25இல் குதிரை வண்டிக்காகப் போட்டது. பிராத்தோவிலிருந்து 48 வளைவுகள் என்றாலும் சராசரி ஏழரைக்குள்தான். அது அடுத்த ஆசை.

ட்ரெமோலாவில் கருங்கல் பாவியிருக்கிறது. கைகள் விறைத்துப்போகும், அதனால் 32 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல். அதைவிட இலகுவான கியர் கேட்க வேண்டியதில்லை. மேல் வளைவுகளில் காற்று எதிர்த்தது, சோளகக் காற்றில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைக் கடப்பதுபோல. கார்களெல்லாம் எதிர்ச்சரிவின் புதிய வீதியால் போய்விடுகின்றன. ஆனால் சில மோட்டார் சைக்கிள்காரர் மட்டும் படம் எடுப்பதற்காக இந்தப் பழைய வீதிக்குள் அலறிக்கொண்டு நுழைகிறார்கள். அந்தச் சத்தத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2106 மீட்டரில் உச்சி. சூடாக ஒரு சூப் குடித்துவிட்டு, அன்டர்மாட் வழியாகப் பேய்ப்பாலத்தைத் தாண்டி, கோஷெனனில் ரயில் பிடித்தேன்.

இப்போது உன் விஷயம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நீ எழுதுவதெல்லாம் முடிந்துபோன மனிதனின் எழுத்தாக இருக்கிறது. “இனி எனக்கென்ன” என்ற வாக்கியத்தை உன் கையெழுத்தில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மருத்துவரிடம் நேராகக் கேள்: கதைத்துக்கொண்டே உழக்கக்கூடிய வேகத்தில் மூன்று மணித்தியாலம் ஏறலாமா என்று. அவர் வேண்டாம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது, இருவரும் தபால் பஸ்ஸில் மேலே போவோம். சரி என்றால் இன்றைக்கே தொடங்கு. பனிக்காலத்தில் வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள், வாரத்தில் நான்கு நாள். உன் மனைவிக்கும் இதைத் தனியாக எழுதியிருக்கிறேன், ஒளிக்க முடியாது.

கணவாய் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். ஜூலை நடுப்பகுதிக்கு டிக்கெட் எடு. இங்கே வாடகைச் சைக்கிள் சொல்லிவைக்க உன் கால் அளவு வேண்டும்: சப்பாத்தில்லாமல் சுவரோடு நின்று, தரையிலிருந்து கவட்டு வரை. சென்டிமீட்டரில் அனுப்பு, அங்குலத்தில் வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்