குழாயடியில் நின்ற பிள்ளை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு, விடுமுறை, கூட்டம் என்று நான் எழுதும் கடிதங்கள் வழக்கமாக ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இது கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடிந்து, பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். இடைவேளை மணி அடித்ததும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவாள். நிரப்புவாள், குலுக்குவாள், கொட்டுவாள், மறுபடி நிரப்புவாள். அடுத்த மணி அடிக்கும் வரை இதேதான். முதல் நாள் அந்தப் பக்கமாகப் போன நான், “தண்ணியை வீணாக்காதம்மா” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். மறுநாளும் பார்த்தேன், கடந்து போனேன். நான்காவது நாள்தான் நின்று கேட்டேன். “பாட்டில்ல வாடை வருது டீச்சர்” என்றாள். வாங்கி மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

பிறகு மெல்ல மெல்லத்தான் விஷயம் தெரிந்தது. வகுப்பில் ஒரு விளையாட்டு ஆரம்பித்திருந்தது. அவளைத் தொட்டால் கிருமி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவர் ஓடிப்போய் இன்னொருவரைத் தொட்டு அதைத் தள்ளிவிட வேண்டும். அவள் நீட்டும் நோட்டை விரல் நுனியால் வாங்கிவிட்டு, கையைச் சட்டையில் துடைப்பார்கள். யாரும் அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. தூரத்தில் இருந்து பார்த்த வகுப்பாசிரியருக்கு அது ஓடிப்பிடித்து விளையாடுவதாகத்தான் தெரிந்திருக்கிறது. இடைவேளையில் சும்மா தனியாக நின்றால் எல்லோரும் பார்ப்பார்களே, கையில் ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான் அந்தப் பிள்ளை பாட்டிலைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க ஏற்கெனவே திட்டினீங்களே டீச்சர்” என்றாள்.

திட்டியதாக எனக்கு நினைவே இல்லை. தண்ணீரைப் பற்றிச் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் அவளுக்குத் திட்டாகப் பட்டிருக்கிறது, வாயை மூடவும் போதுமானதாக இருந்திருக்கிறது. இந்தக் கடிதம் அங்கே இருந்துதான் வருகிறது.

புல்லியிங் என்று இப்போது பள்ளிகளில் எல்லோரும் சொல்கிறோம். கேலி, சீண்டல், மிரட்டல், வம்பிழுப்பது, ஒதுக்கி வைப்பது என்று நம் பேச்சில் அதன் ஒவ்வொரு துண்டுக்கும் சொல் இருக்கிறது. துண்டு துண்டாகப் பார்ப்பதால் ஒவ்வொன்றையும் “சின்னப் பிள்ளைங்கன்னா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். இதை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வியஸ். 1970களில் ஸ்வீடனில் ஆரம்பித்து, பிறகு நார்வேயில் நெடுங்காலம் இதே வேலையாக இருந்தவர். அவர் சொன்ன மூன்று அடையாளங்களைத்தான் எங்கள் ஆசிரியர்களும் கையில் வைத்திருக்கிறார்கள். நோகடிக்கவேண்டும் என்றே செய்வது. ஒரு தடவையோடு நிற்காமல் திரும்பத் திரும்ப நடப்பது. மாட்டிக்கொண்ட பிள்ளை எதிர்த்து நிற்க முடியாதபடி பலம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது. பலம் என்றால் உடல் வலு மட்டும் இல்லை. நான்கு பேர் சேர்ந்தால் பலம். நன்றாகப் பேசத் தெரிந்தால் பலம். புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைக்கு எதிரில் பழைய பிள்ளைகள் எல்லோருக்குமே பலம்தான்.

சண்டை வேறு. டூ விட்டுக்கொண்ட இருவர் மறுநாள் பழம் விட்டுக்கொண்டு ஒரே ரப்பரைப் பங்கு போடுவதைத் தினமும் பார்க்கிறோம். அதில் இருவருமே அழுவார்கள், இருவருமே கத்துவார்கள். அதில் நாம் அதிகம் தலையிடக்கூட வேண்டாம். சண்டை போட்டுச் சேர்ந்துகொள்வதும் பிள்ளைகள் கற்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் பலம் சாய்ந்திருக்கும் இடத்தில் இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தி, “சாரி சொல்லு, கை குடு, சரி போங்க” என்று அனுப்புவது தப்பு. நானே பல வருடம் அப்படித்தான் செய்தேன். மிரட்டியவன் எதிரிலேயே நிற்கும்போது மிரண்ட பிள்ளை உண்மையைச் சொல்லாது. சொல்லிவிட்டால், வாசலைத் தாண்டியதும் “போட்டுக் குடுத்துட்டியா?” என்ற கேள்வி காத்திருக்கும். இப்போது எங்கள் பள்ளியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துத்தான் பேசுகிறோம். மன்னிப்பு வரட்டும், நல்லதுதான். ஆனால் அது கடைசியில், தானாக வர வேண்டும்.

ஆசிரியர்கள் கண்ணுக்கு ஏன் படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கனடாவின் டொரான்டோ நகரில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் சட்டையில் சிறு மைக்கை மாட்டி, தூரத்தில் இருந்து விளையாட்டு மைதானத்தை வீடியோ எடுத்தார்கள். 1997ல் வெளியான அந்த ஆய்வில், மைதானத்தில் நடந்த சீண்டல்களில் ஆசிரியர்கள் தலையிட்டது வெறும் 4 சதவீதத்தில்தான். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, குழாயடிதான் ஞாபகம் வந்தது. பெரியவர்கள் பார்க்கும்போது இது பெரும்பாலும் நடப்பதில்லை. நடக்கிறபோதும் விளையாட்டு மாதிரியே தெரிகிறது.

அதே குழு 2001ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. சீண்டல் நடந்த சமயங்களில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கே வந்தது 19 சதவீதத்தில் மட்டுமே. ஆனால் அப்படி வந்தபோதெல்லாம் என்ன ஆனது தெரியுமா? பாதிக்கும் மேல், 57 சதவீதத்தில், பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. பத்து விநாடி! ஒரு பிள்ளை “விடுடா, பாவம்” என்று சொல்ல ஆகும் நேரம். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 2009 முதல் நாடெங்கும் பள்ளிகளுக்குக் கொண்டுபோன கிவா என்ற புல்லியிங் தடுப்புத் திட்டமும் இந்தச் சுற்றி நிற்கும் பிள்ளைகளைத்தான் குறிவைக்கிறது. சீண்டுகிறவனுக்குச் சிரிப்பும் கைதட்டலும்தான் கூலி. அது கிடைக்காவிட்டால் ஆட்டம் சுவாரசியம் இல்லாமல் போய்விடும்.

அதனால் இந்தப் பருவத்தில் எல்லா வகுப்பிலும் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். “வீரமாக எதிர்த்து நில்” என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். சிரிக்காமல் இருப்பது, நடுவே போய் “வா, நாம அங்க போலாம்” என்று கையைப் பிடித்து அழைத்துப்போவது, பெரியவரிடம் சொல்வது. இந்த மூன்றில் ஒன்று போதும், எதற்குத் தைரியம் வருகிறதோ அது. கையைப் பிடித்து அழைத்துப்போவதைப் பிள்ளைகள் நடித்துப் பழகுகிறார்கள். இரண்டாம் வகுப்பில் நான் பார்த்தபோது, அழைத்துப்போகிற வேடத்துக்குத்தான் அடிபிடியாக இருந்தது.

கோள் சொல்வதற்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லித் தருகிறோம். இன்னொருவரை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவரை ஆபத்திலிருந்து வெளியே கொண்டுவரச் சொல்வது உதவி. பெரியவர்களான நாம் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறோம். “சும்மா சும்மா கம்ப்ளெய்ன்ட் பண்ணாதே” என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? அதைக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை சொல்வதற்குப் பதிலாகப் பாட்டிலைக் கழுவப் போய்விடும்.

உங்களில் ஒருவர் வந்து சொன்னாலோ, பிள்ளையே சொன்னாலோ, அன்றே வகுப்பாசிரியர் அதை எழுதி வைப்பார். அன்று மாலைக்குள் அது என் மேசைக்கு வரும். இரு வீட்டாரிடமும் நானே பேசுவேன். ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்போம். இந்த இரண்டாவது கேள்வியை நான் விடவே மாட்டேன். முதல் வாரம் எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொள்வார்கள். பெரியவர்கள் மறந்த பிறகுதான் பழையது திரும்ப ஆரம்பிக்கும்.

வீட்டில் நீங்கள் கவனிக்கக்கூடியது சிலது உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு வரும் வயிற்றுவலி. அடிக்கடி தொலையும் பென்சில், கிழியும் நோட்டு. நேற்றுவரை பேசிய தோழியின் பெயர் திடீரென்று வீட்டில் அடிபடாமல் போவது. பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன்: பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பிள்ளை கழிப்பறைக்கு ஓடுகிறதா? பள்ளிக் கழிப்பறையில் யாரோ வழிமறிக்கிறார்கள் என்று நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் வேறு காரணமும் இருக்கலாம். பதற வேண்டாம், கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நிறைய இருக்கிறது. “யாராச்சும் உன்னை அடிச்சாங்களா?” என்றால் “இல்ல” என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். “இன்னைக்கு இடைவேளையில யாரோட இருந்தே?” “பக்கத்துல யாரு உட்கார்ந்தாங்க?” “இன்னைக்கு யாராச்சும் தனியா இருந்தாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் பேசாத பிள்ளை, தலை வாரும்போதும் துணி மடிக்கும்போதும் பேசும். பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் தோண்ட வேண்டாம். மீதி நாளைக்கு வரும்.

அப்புறம், சொன்ன பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. “நீ என்ன பண்ணினே?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நாம் விசாரிப்பதாக நினைக்கிறோம், பிள்ளைக்குக் குற்றம் சாட்டுவதாகக் கேட்கும். “திருப்பி அடி” என்பதும் வேண்டாம். திருப்பி அடிக்க முடிந்த பிள்ளை இந்த நிலைக்கே வந்திருக்காது. அடிக்கத் தெரியவில்லை என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ளும். அடித்து வாங்கிவந்தால் நஷ்டம் இன்னும் பெரிது. “நீ சொன்னது நல்லதுடா. உன் மேல தப்பில்ல. என்ன பண்ணலாம்னு சேர்ந்து பார்ப்போம்” என்றால் போதும். “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று பிள்ளை கெஞ்சினால், பொய்யாகச் சத்தியம் செய்யாதீர்கள். “உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன்” என்பது உண்மையான வாக்கு. அதைக் கொடுங்கள்.

இனி எழுதப்போவது எழுதக் கடினமானது. ஒரு நாள் நான் உங்களைக் கூப்பிட்டு, சீண்டியது உங்கள் பிள்ளைதான் என்று சொல்லலாம். அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்கும் யாருக்கும் முகம் சுண்டிப்போகும், எனக்குத் தெரியும். “என் புள்ள அப்படிப் பண்ணாது” என்று வாயில் வரும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பிள்ளை கெட்ட பிள்ளை என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் பதிவேட்டில் எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பெயர் எழுதுவதில்லை. செய்ததை மட்டும்தான் எழுதுகிறோம். ஒரு வருடம் சீண்டப்பட்ட பிள்ளை அடுத்த வருடம் இன்னொருவரைச் சீண்டுவதையும் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: அன்று இரவு பிள்ளையை அடிக்காதீர்கள். பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அது மறுபடியும் படிக்கும். என்ன நடந்தது, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும், அதைச் சரிசெய்ய நீ என்ன செய்யலாம் என்று அமைதியாகக் கேளுங்கள். கிருமி விளையாட்டை ஆரம்பித்த சிறுவனின் அப்பா அப்படித்தான் செய்தார். மறுவாரம் அவன் தானாகவே ஆசிரியரிடம் போய், வகுப்பு நோட்டுகளை அவளோடு சேர்ந்து கொடுக்கட்டுமா என்று கேட்டான். நோட்டுகளை அவள் கையிலிருந்து அவன் வாங்கிக் கொடுப்பதை நாற்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கிருமி விளையாட்டு ஓடவில்லை.

வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரையும் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் மாலை போட்ட ஒரு செய்தி, இரவுக்குள் வீட்டுக்கு வீடு பரவி, காலையில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தனி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அப்போது வகுப்பே அதைச் சீண்டுகிறது என்று ஆகிவிடும். பள்ளி வாசலில் இன்னொருவர் பிள்ளையைப் பிடித்து நீங்களே விசாரிப்பதும் வேண்டாம். என்னிடம் வாருங்கள். தினமும் பள்ளி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு என் அறை திறந்திருக்கும், முன்னேற்பாடு தேவையில்லை.

எங்கள் பங்குக்கு, ஆசிரியர் அறையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சோடாபுட்டி, குண்டு, நெட்டை என்று உருவத்தை வைத்து எந்த ஆசிரியரும், செல்லமாகக்கூட, பிள்ளையைக் கூப்பிட மாட்டோம். நாங்கள் வைத்த பட்டப்பெயரைத்தான் பிள்ளைகள் மைதானத்துக்கு எடுத்துப் போகிறார்கள். வீட்டிலும் இதை யோசித்துப் பாருங்கள்.

பள்ளிகளில் வன்முறைக்கும் புல்லியிங்குக்கும் எதிரான நாளாக நவம்பர் மாத முதல் வியாழக்கிழமையை யுனெஸ்கோ 2020 முதல் கடைப்பிடிக்கிறது. அந்த நாளுக்குள் எங்கள் கண்காணிப்பு முறையை மாற்றி அமைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு உங்கள் உதவி தேவை. இந்தக் கடிதத்தோடு பள்ளியின் வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறேன். பிள்ளையோடு உட்கார்ந்து, பிடித்த இடத்துக்குப் பச்சையும், போகப் பயமாக இருக்கும் இடத்துக்குச் சிவப்பும் தீட்டச் சொல்லுங்கள். ஏன் சிவப்பு என்று கட்டாயப்படுத்திக் கேட்க வேண்டாம். போன வருடம் நான்காம் வகுப்பில் மட்டும் இதைச் செய்து பார்த்தோம். மைதானம்தான் சிவப்பாக இருக்கும் என்று நினைத்தோம். முக்கால்வாசிப் பேர் மாடிப்படியின் திருப்பத்தைத் தீட்டியிருந்தார்கள். அங்கே அதுவரை ஒரு ஆசிரியரும் நின்றதில்லை. இப்போது இரண்டு இடைவேளையிலும் ஒருவர் நிற்கிறார்.

பெயர் எழுத வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். வகுப்பு வாசலில் ஒரு பெட்டி இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்