பேரரசு விளையாட்டுகளை எப்படி ஆடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் பேரரசு கட்டும் வியூக விளையாட்டுகள் இளைஞர்களிடம் ஆக்கிரமிப்பு மோகத்தை வளர்க்கின்றன என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அக்கம்பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, உலக வரைபடம் முழுவதும் ஒரே நிறமாகும் வரை ஓயாமல் ஆடுகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணமே வரும். ஆனால் அதே விளையாட்டில் வெற்றி தோல்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் காலத்து அரசனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, அவனால் என்ன முடிந்திருக்குமோ அதை மட்டும் செய்து ஆடுகிறவர்களும் இருக்கிறோம். கட்டுரை எங்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பலரும் அறிந்த ஒரு விளையாட்டையே எடுத்துக்கொள்கிறேன். சுவீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’, 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. கருங்கடற்கரையில் உள்ள வர்னாவில் ஒட்டோமானியப் படை ஐரோப்பியச் சிலுவைப்படையை முறியடித்த மறுநாள் அது. அங்கிருந்து 1821 வரை ஆடலாம். இன்னதைச் செய்தால் வென்றாய் என்று விளையாட்டு எங்கும் அறிவிப்பதில்லை. மதிப்பெண் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவே. ‘சதுரங்கத்தில் வெல்லத்தானே ஆடுகிறோம், இதில் மட்டும் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். சதுரங்கத்தில் இருபக்கமும் சமம், ராஜாவை மடக்குவது என்ற இலக்கும் முன்பே வகுத்தது. இங்கே பிரான்சையும் ஆடலாம், எத்தியோப்பியாவையும் ஆடலாம். இலக்கை நாமே வைத்துக்கொள்கிறோம். உலகம் முழுவதையும் பிடிப்பவர்களுக்கென்று ஒரு பட்டயத்தை விளையாட்டு வைத்திருப்பது உண்மைதான் என்றாலும், அதற்காகத்தான் ஆட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

விளையாட்டை உருவாக்கியவர்கள் தடைகளை வைக்காமலும் இல்லை. தாங்க முடியாத அளவுக்கு நாடு பிடித்தால் உள்ளே கிளர்ச்சிகள் வெடிக்கும், வெளியே அண்டை நாடுகள் கூட்டுச் சேரும். தேர்ந்த ஆட்டக்காரருக்கு இவை அச்சுறுத்தல்களாகத் தோன்றுவதில்லை, தீர்க்க வேண்டிய கணக்குகளாகத்தான் தோன்றுகின்றன. கடனையே பாருங்கள். திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் கடன் வாங்கிப் போர் நடத்தி, வேண்டிய நாடுகளைப் பிடித்த பிறகு திவால் அறிவிப்பது ஒரு உத்தியாகவே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. சில ஆண்டுகள் பொறுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பும் 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடன் தவணைகளை நிறுத்தியவர்தான். ஆனால் 1575க்கு அடுத்த ஆண்டு, சம்பளம் கிடைக்காத அவருடைய சொந்தப் படையே, அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடியது. வட ஐரோப்பாவின் மிகச் செழிப்பான வணிக நகரம் அது. அதற்குப் பிறகு அவருடைய ஆட்சிக்கு எதிரான நெதர்லாந்துக் கிளர்ச்சி அடங்கவே இல்லை. இந்த விலை விளையாட்டின் திரையில் எங்கும் வராது. ஆடுகிறவர்தான் அதை மனத்தில் வைத்து, கடனை அடைக்க வழியில்லாத போரைத் தொடங்காமல் இருக்க வேண்டும்.

இவ்வகை ஆட்டத்துக்கு என் அனுபவத்தில் போர்த்துகலைப் போல் பொருத்தமான நாடு வேறில்லை. வெல்வதற்காக ஆடுகிறவர் 1500க்குள் இந்தியக் கடற்கரைக்கு வந்து சேர்ந்து, ஒரு தலைமுறைக்குள் தக்காணத்தையும் இலங்கையையும் மொத்தமாக முடித்துவிடுவார். மெய்யான போர்த்துகல் ஏன் அப்படிச் செய்யவில்லை? அக்காலத்தில் அந்நாட்டின் மொத்த மக்கள்தொகை 10 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஆண்டுதோறும் கப்பலேறியவர்களில் பலர் வழியிலேயே நோயால் இறந்தார்கள். ஆகவே இந்தியாவில் போர்த்துகீசிய ஆளுநராக இருந்த அல்புகெர்க் 1510இல் பிஜப்பூர் சுல்தானிடமிருந்து கோவாவையும், 1511இல் மலாக்காவையும், 1515இல் பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஓர்முசையும் பிடித்தபோது, நிலத்தை ஆள்வதைவிடக் கடல்வழியின் கழுத்துகளைப் பிடிப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. 1513இல் செங்கடலின் வாயிலருகே உள்ள ஏடனை மட்டும் பிடிக்க முடியாமல் போனதால் செங்கடல் வழி கடைசிவரை அடைபடவில்லை. கோட்டை, கிடங்கு, அனுமதிச் சீட்டில்லாமல் போகும் வணிகக் கப்பலை மறிக்கும் கடற்படை, கொச்சி அரசரைப் போன்ற உள்ளூர் நண்பர்கள் ஆகியவற்றைக் கொண்டே அவர்களுடைய ஆசியப் பேரரசு நின்றது. இலங்கையில் உள்நாட்டுக்குள் புகுந்து பார்த்தார்கள். 1594இலும் 1630இலும் கண்டி அரசுக்கு எதிராகப் போன படைகள் தலைவர்களோடு அழிந்தன. விளையாட்டில் கண்டியைப் பிடிக்க ஒரு மழைக்காலம் கூடத் தேவைப்படாது.

விளையாட்டின் ஆகப்பெரிய பொய் தூரம்தான். லிஸ்பனில் இருக்கும் அரசன் கோவாவில் நிற்கும் படைக்கு இடும் கட்டளை அந்த நொடியே நிறைவேறுகிறது. மெய்யாக, மார்ச் மாதத்தில் லிஸ்பனை விட்ட கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து செப்டம்பரில்தான் கோவாவை அடையும். திரும்புவதற்கு ஆண்டு இறுதியில் மாறும் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு கேள்வியை அனுப்பி விடையைப் பெற ஒன்றரை ஆண்டு. 1515இல் ஓர்முசிலிருந்து திரும்பும் வழியில்தான், தம் பதவி பறிக்கப்பட்டுத் தமக்கு ஆகாதவர் ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பதை அல்புகெர்க் அறிந்தார். கோவாவின் கரை தெரியும் தூரத்தில் கப்பலிலேயே உயிர்விட்டார். மன்னர் மானுவேல் பின்னர் மனம் மாறிக் கடிதம் எழுதியபோது பெறுவதற்கு அவர் இல்லை.

இதை ஆட்டத்துக்குள் கொண்டுவர நான் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஆசியாவுக்கான கட்டளையைத் தேதியிட்டு அதில் எழுதுவேன். விளையாட்டின் நாட்காட்டி ஆறு மாதம் நகர்ந்த பிறகே அதைத் திரையில் நிறைவேற்றுவேன். போர்த்துகீசிய ஆளுநர்களுக்கு வழக்கமாக மூன்றாண்டுப் பதவிக்காலம் என்பதால், மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் அங்குள்ள பொதுக் கொள்கையை மாற்றுவேன். இந்த விதியோடு ஆடும்போது குஜராத் படை தியூ கோட்டையை முற்றுகையிட்டால், ஸ்பேஸ் பாரைத் தட்டி நேரத்தை நிறுத்தி, ஐரோப்பாவில் சும்மா நிற்கும் படையைக் கப்பலேற்றும் வழி அடைபட்டுவிடுகிறது. உதவி வருவதற்குள் கோட்டை விழுந்துவிடும். அப்படி ஒருமுறை விழுந்த பிறகுதான், கையளவு வீரர்களுக்கு அத்தனை தடிமனான மதில்களை அவர்கள் ஏன் எழுப்பினார்கள், கொச்சி அரசரின் மனம் கோணாமல் நடந்துகொள்ள ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எனக்கு விளங்கியது. 1546இல் தியூ காப்பாற்றப்பட்டது லிஸ்பனால் அன்று, கோவாவிலிருந்து ஆளுநரே திரட்டிச் சென்ற படையால். பாடப்புத்தகத்தில் அதை ஒரு வரியாகப் படித்துக் கடந்திருந்தேன்.

தூரத்தைப் போலவே முன்னறிவும் ஒரு பொய். கடலுக்கு அப்பால் அமெரிக்கா இருக்கிறது என்பதும், தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் வெள்ளி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 1444இல் எந்த அரசனுக்கும் தெரியாது. கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியத்தை ஆடுகிறவர்கள் பலர் கையாளும் தந்திரம் ஒன்றுண்டு: நீரிணையில் கப்பல்களை நிறுத்திவிட்டால் ஒட்டோமானியப் படை ஆசியக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடக்க விளையாட்டு அனுமதிக்காது. வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு மெய்யாகவே ஐரோப்பியக் கப்பல்கள் அதே வேலைக்காக அங்கே நின்றிருந்தன. சுல்தான் முராத் அவற்றை மீறிப் பொஸ்போரஸைக் கடந்து வந்துதான் வர்னாவில் வென்றார். வரலாற்றில் பலிக்காத தந்திரம் விளையாட்டில் பெரும்பாலும் பலிக்கிறது.

இதே நிறுவனத்தின் ‘குரூசேடர் கிங்ஸ் 3’ இவ்வகை ஆட்டத்துக்கு இன்னும் இடம் கொடுக்கிறது. இரக்கமுள்ள அரசன் கொடுமை செய்தால் அவனுக்கு மன அழுத்தம் ஏறும். அரசன் இறந்தால் நாடு மகன்களுக்குள் பங்கு பிரியும். வெல்ல ஆடுகிறவர் முதலில் செய்வது, பங்காளிகளைக் குறைக்க இளைய மகன்களின் வாரிசுரிமையைப் பறிப்பதுதான். அந்த ஆட்டத்தைத் தொடங்கக்கூடிய ஆண்டுகளில் ஒன்றான 867இன் ஐரோப்பிய வரைபடமே, 843இல் வெர்டன் உடன்படிக்கையின்படி பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் பேரர்கள் பேரரசைப் பங்கு போட்டதன் விளைவு என்பதை அவர் கவனிப்பதில்லை.

மெய்க்கு நெருக்கமாக ஆடுவது என்றால் நடந்ததை அப்படியே திரும்ப நடத்துவது என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் அவர்கள் கட்சியல்ல. போர்த்துகலின் இளம் மன்னர் செபஸ்தியான், மணமும் ஆகாமல் வாரிசும் இல்லாமல், 1578இல் மொரோக்கோவுக்குத் தாமே படை நடத்திச் சென்று அல்காசர் கிபிரில் 24 வயதில் மடிந்தார். அவருக்குப் பின் வந்த முதிய கர்தினாலும் 1580இல் இறக்க, நாடு இரண்டாம் பிலிப்பின் கைக்குப் போனது. ஸ்பெயினின் பகைவர்களான டச்சுக்காரர்கள் அதன் பிறகு போர்த்துகீசியரின் ஆசியக் கோட்டைகளையும் குறிவைத்தார்கள்: மலாக்கா 1641இலும், கொழும்பு 1656இலும், நான் வாழும் நாகப்பட்டினம் 1658இலும், கொச்சி 1663இலும் அவர்கள் வசமாயின. ஆட்டத்தில் என் அரசனும் செபஸ்தியானைப் போல் அமைந்துவிட்டால் நான் அவனை வலிந்து மொரோக்கோவுக்கு அனுப்புவதில்லை. புத்திசாலித்தனமாக வீட்டில் உட்கார வைப்பதுமில்லை. தாயக்கட்டையை உருட்டுவேன். தாயம் விழுந்தால் போகிறான். அவன் போய் மடிந்த ஆட்டங்களில், சிதைந்த நாட்டை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல முடிகிறது என்று பார்ப்பதில் இருக்கும் சுவை, முழு வரைபடத்தையும் பிடித்தவர்களுக்குக் கடைசி நூறு ஆண்டுகளில் கிடைப்பதில்லை. அவர்களில் பெரும்பாலோர் எதிர்க்க ஆளில்லாமல் சலித்துப்போய்ப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதை அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த முறைக்கும் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மாகாணங்களில் அடிமைகளை ஒரு வணிகச் சரக்காக, கிராம்பையும் துணியையும் போல், விளையாட்டு பட்டியலிடுகிறது. வெல்ல ஆடுகிறவருக்கு அது வருமானத்தில் ஒரு எண். போர்த்துகலை மெய்யாக ஆடுகிறவன் அந்த எண்ணுக்குள் மனிதர்கள் இருப்பதை அறிந்தே ஆட வேண்டியிருக்கிறது. அரசன் அதைத் தடுத்திருக்க மாட்டான் என்பதால் நானும் தடுப்பதில்லை, ஆனால் அந்தத் திரையை இயல்பாகக் கடந்து போக முடிவதில்லை. தங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, போர்க்காட்சிகளைவிட, இதுதான் என்பேன்.

நம் இளைஞர்கள் சோழர்களை விரும்பி ஆடுவதைப் பற்றியும் ஒரு சொல். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு 2022இல் வந்த இந்தியத் தொகுப்பில் இராசேந்திரனின் படையெடுப்புகள் இடம்பெற்றன. 2025இல் வந்த ‘சிவிலைசேஷன் 7’இலும் சோழர்கள் இருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் 1025இல் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கிய சோழக் கடற்படை அங்கே நிலையான ஆட்சி எதையும் நிறுவியதாகச் சான்றுகள் இல்லை. கடல் கடந்த நிலத்தை வைத்து ஆள்வதைவிட வணிக வழி திறந்திருப்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். சுமத்ரா முழுவதையும் புலிக்கொடியின் கீழ் கொண்டுவந்து படம் பிடித்து அனுப்புகிற தம்பிகள், ஒரே ஒரு ஆட்டமாவது கடாரத்தை அடித்துவிட்டுத் திரும்பி வந்து, வணிகக் குழுக்களை வைத்து அந்தச் செல்வாக்கைக் காப்பாற்றிப் பார்க்கட்டும். பிடிப்பதைவிட அது கடினம்.

‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2025 நவம்பரில் வெளிவந்தது. அதில் மாகாணங்களுக்கு மக்கள்தொகை உண்டு. தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூட அரசனின் பிடி தளர்கிறது. நாங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஆடியதில் ஒரு பகுதியை உருவாக்கியவர்களே விதியாக்கியிருக்கிறார்கள். இத்தகைய விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் இனி எழுதும்போது, படத்தின் தெளிவையும் போர்க்காட்சியின் விறுவிறுப்பையும் மட்டும் சொல்லாமல், கட்டளை போய்ச்சேர எவ்வளவு காலம் ஆகிறது, பிடித்த ஊர் எவ்வளவு காலம் அடங்காமல் இருக்கிறது, கடன் கட்டாவிட்டால் படை என்ன செய்கிறது என்பவற்றையும் ஆடிப் பார்த்து எழுதச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகப்பட்டினம்.