வேல்ஸ் கட்டுரையில விட்டுப்போன ஒரு வார்த்தை: வழிநடை பாத்தியம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மொரிஷியஸ்ல கத்ர் போர்ன் டவுன்ல இருந்து எழுதறேன். 22 வருஷம் முன்னாடி துணி மில்லுக்கு அக்கவுண்ட்ஸ் பாக்க வந்தவன், வேலை முடிஞ்சும் ஊர் திரும்பாம இங்கயே தங்கிட்டேன், உங்க பேப்பரை காலைல டீயோட போன்ல படிக்கலேன்னா அன்னிக்கு பொழுதே விடிஞ்ச மாதிரி இருக்காது. போன ஞாயிறு இணைப்புல பிரிட்டன்ல இருக்கற வேல்ஸ் நாட்டு மலை, காடு, நடைபாதை பத்தி வந்த கட்டுரையை நானும் வீட்டம்மாவும் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் படிச்சோம். ஏன்னா போன மே மாசம் தான் அங்க கார்டிஃப் டவுன்ல இருக்கற என் அக்கா பையன் வீட்டுக்குப் போயி, மூணு வாரம் தங்கி, முட்டி தேயுற அளவுக்கு நடந்துட்டு வந்தோம்.

கட்டுரை நல்லா தான் இருந்துச்சு. ஆனா ஒரு இடத்துல "சுற்றுலாப் பயணிகளுக்காக அமைக்கப்பட்ட பொழுதுபோக்கு நடைபாதைகள்"னு போட்டிருந்தீங்க பாருங்க, அங்க தான் எனக்கு சுருக்குன்னுச்சு. அது பொழுதுபோக்குப் பாதை இல்லீங்க. அதுக்கு நம்ம தமிழ்ல அச்சு அசலா ஒரு வார்த்தை இருக்கு.

எங்கப்பா புதுக்கோட்டை பக்கம் பத்திரம் எழுதறவரு. சின்ன வயசுல லீவு நாள்ல நான் தான் அவருக்கு நகல் எடுத்துக் கொடுப்பேன். நிலம் கிரையம் பண்ற பத்திரத்துல நாலு எல்லையும் சொல்லி முடிச்சிட்டு கடைசியில ஒரு வரி வரும், மேற்படி நிலத்துக்குப் போக வர மாமூல் வழிநடை பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம் உள்பட அப்படீன்னு. நிலம் இன்னொருத்தன் பேர்ல இருக்கும், ஆனா அதுல நடந்து போற உரிமை உன்னோடது, அவன் வேலி போட்டு அடைக்க முடியாது. வேல்ஸ்ல இருக்கறது அதே சமாச்சாரம் தான், ஒரே வித்தியாசம், நம்ம ஊர்ல பக்கத்து நிலத்துக்காரனுக்கு மட்டும் இருக்கற பாத்தியம் அங்க ஊர் உலகத்துக்கே இருக்கு, மொரிஷியஸ்லேர்ந்து போன எனக்கும் இருந்துச்சு.

1949ல ஒரு சட்டம் போட்டு, எந்தெந்த பாதையில ஜனங்க காலங்காலமா நடக்கறாங்களோ அதையெல்லாம் கவுன்சில்காரங்க மேப்புல ஏத்தணும்னுட்டாங்க. மேப்புல ஏறிடுச்சுன்னா முடிஞ்சுது, நிலம் பத்து கை மாறினாலும் பாதை அப்படியே நிக்கும். இப்படி வேல்ஸ்ல மட்டும் 33,000 கிலோமீட்டருக்கு மேல பாதை இருக்கு, அந்த சின்ன நாட்டுக்கு. வயலுக்கு நடுவுல போற ஃபுட்பாத்தை விவசாயி உழுதுக்கலாம், ஆனா 14 நாளுக்குள்ள திரும்ப நடக்கற மாதிரி சரி பண்ணி, பாதை எங்க போகுதுன்னு தெரியற மாதிரி விடணும். பால் மாட்டு இனக் காளை 10 மாச வயசைத் தாண்டிடுச்சுன்னா பாதை போற வயல்ல அவுத்து விடக்கூடாது, மத்த இனக் காளைன்னா கூட பசுவோ கிடேரியோ இருக்கணும். இதையெல்லாம் சட்டத்துலயே எழுதி வைச்சிருக்கான்னு அக்கா பையன் சொன்னப்ப நான் நம்பல, ஜல்லிக்கட்டு பாத்து வளந்த ஆளு நான், காளைக்கு வயசு பாத்து சட்டம் போடுவாங்களான்னு சிரிச்சேன். அப்புறம் மேப்பு மேல கைய வைச்சு காட்டினான், ஆரஞ்சு அட்டை போட்ட சர்வே மேப்பு, அதுல பச்சைக் கோடு கோடா நரம்பு மாதிரி ஓடுது, ஒவ்வொண்ணும் ஒரு பாத்தியம். நம்ம ஊரு எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை, அதான் சர்வேயர் வைச்சிருக்கற நில அளவைப் படத்தை, கடையில வைச்சு விக்கற மாதிரின்னு வைச்சுக்கோங்களேன்.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்கு அதுலயே ரொம்பப் பிடிச்சது இது. மேப்புல ஏறாத பாதையா இருந்தாலும், ஜனங்க ஒளிவு மறைவில்லாம, யார்கிட்டயும் கேக்காம, தடை இல்லாம 20 வருஷம் நடந்திருந்தா அது பொதுப்பாதைன்னு கேட்டு வாங்கலாம். நடந்தா நாடெல்லாம் உறவுன்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க, இவங்க நடந்தா பாத்தியம்னு எழுதியே வைச்சுட்டாங்க.

இப்ப கேட்டு கதைக்கு வரேன், பாதையை அடைக்கற கதவைத் தான் சொல்றேன். ரெண்டு கேட்டு, ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க.

இங்க மொரிஷியஸ்ல ஞாயித்துக்கிழமை நாங்க அஞ்சாறு பேர் மலை ஏறுவோம். லெ பூஸ் ஏறுவோம், 812 மீட்டர், 1836ல டார்வின் கூட ஏறின மலை அது. எங்க வீட்டுக்கு மேலயே கோர் தெ கார்ட் மலை, அதோட சரிவுல முருகன் கோயில், தைப்பூசக் காவடிக்கு கூட்டம் தாங்காது. அதுக்கெல்லாம் பிரச்சினை இல்ல. ஆனா நிறைய குன்றுக்குப் போற வழி கரும்புத் தோட்டத்துக்கு உள்ள, இல்லேன்னா சாசேன்னு சொல்ற மான் வேட்டைக் காட்டுக்கு உள்ள போகும், எல்லாம் தனியார் நிலம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு இடத்துல, பேர் வேண்டாம், காலைல ஆறு மணிக்குப் போயி நிக்கறோம், பாதையில புதுசா ஒரு இரும்புக் கேட்டு, பூட்டு, ப்ரிவேன்னு போர்டு, தனியார்னு அர்த்தம். வாட்ச்மேன் நல்ல மனுஷன் தான், முதலாளி உத்தரவு மிசியே, அதாவது ஐயா, அப்படீன்னுட்டாரு. என் கூட வந்தவன் இங்கயே பொறந்த தமிழன், தமிழ் ஒண்ணு ரெண்டு வார்த்தை தான் வரும், என்னை தொன்தோன்னு கூப்பிடுவான், இந்த ஊரு பேச்சு மொழி கிரியோல்ல மாமான்னு அர்த்தம். அவனோட தாத்தாவுக்கு தாத்தா கரும்பு வெட்ட கப்பல்ல வந்தவரு, இதே பாதையில தான் காலைல வேலைக்குப் போயிருக்காரு, அவன் அப்பா இதே வழியா மேல போயி சீனக் கொய்யா பறிச்சிருக்காரு. அவன் ஒண்ணும் பேசல. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு கொண்டு வந்த காத்தோ பிமாவைப் பிரிச்சான், அது வேற ஒண்ணும் இல்ல, கடல் தாண்டி வந்த நம்ம பருப்பு வடை. தின்னுட்டு திரும்பி வந்துட்டோம்.

அங்க வேல்ஸ்ல, தெக்கு பக்கம் ப்ரெக்கன் பீக்கன்ஸ்னு முன்னாடி பேர் இருந்த பன்னாய் ப்ரஹெய்னியோக் மலைப்பக்கம், செம்மறி ஆடு மேயுற ஒரு சரிவு. கம்பத்துல மஞ்சள் அம்புக்குறி போட்ட வட்டத் தகடு, மஞ்சள்னா கால்நடையா போறவங்களுக்கு, நீலம்னா குதிரை, சைக்கிளும் போகலாம். அம்பு காட்டற பக்கம் போனா ஒரு கேட்டு, அதுல கொண்டி உடைஞ்சு போயி, வைக்கோல் கட்டு கட்டற நீல நைலான் கயிறைப் போட்டு இறுக்கி முடிச்சு போட்டிருக்கு, மழையில நனைஞ்ச முடிச்சு நகத்தால அவுக்க வரல. வீட்டம்மா சொன்னா, போதும் வாங்க திரும்பலாம், நம்ம முகத்தைப் பாத்து திட்டப்போறான்னு. அதே மாதிரி கீழேர்ந்து நாலு சக்கர பைக்ல ஒரு பெரியவர் நாயோட விர்ர்னு வரார். எனக்கு இங்க பாத்த வாட்ச்மேன் ஞாபகம் தான். இறங்கி வந்த மனுஷன் முதல்ல சொன்னது சாரி. பாக்கெட்லேர்ந்து கத்தி எடுத்து கயிறை ஒரே அறுப்பு. கொண்டி உடைஞ்சு ஒரு வாரம் ஆச்சு, ஆட்டுக்குட்டி ரோட்டுக்கு ஓடிடும்னு கட்டி வைச்சேன், உங்க வழியை மறிச்சுட்டேன்னாரு. உங்க வழின்னாரு! அவர் நிலம், அவர் கேட்டு, அவர் ஆடு. சுவரை இடது கைப்பக்கம் வைச்சுக்கிட்டே போங்க, நடுவுல சதுப்பு இருக்கும் பாத்துன்னாரு, நான் பாக்கல, வலது கால் ஷூ முழுசா உள்ள போயி கால் மட்டும் வெளிய வந்துச்சு, அது வேற கதை.

எல்லா விவசாயியும் இவர் மாதிரி தங்கம்னு சொல்ல வரல. முள்ளுச்செடி மண்டி அடைஞ்ச பாதையும் பாத்தோம், அம்புத் தகடு காணாமப் போன இடமும் பாத்தோம். ஆனா அடைஞ்சிருந்தா கவுன்சிலுக்கு எழுதிப் போடலாம், அது அவங்க கடமை. நாங்க இங்க யாருக்கு எழுதறது?

அருவி பத்தி கட்டுரையில ரெண்டே வரி தான் இருந்துச்சு, அதனால நான் கொஞ்சம் சொல்றேன். அஸ்த்ரட்வெஹ்ட்டேங்கற கிராமத்துக்குப் பக்கத்துல காட்டுக்குள்ள நாலு அருவி சுத்திப் பாக்கற நடை ஒண்ணு இருக்கு. மெஹ்ட்டே ஆத்துல மூணு, ஹெப்ஸ்ட்டே ஆத்துல ஒண்ணு. காடுன்னா ஓக் மரம், மரம் பூரா பாசி, கிளை மேல பெரணிச் செடி முளைச்சு நிக்குது, மிதவெப்ப மழைக்காடுன்னு சொல்றாங்க. தண்ணி கட்டஞ்சாயா கலர்ல இருக்கும், மலை மேல இருக்கற கரிச்சேறு ஊறி வரதால. கடைசி அருவிக்கு படி இறங்கி இறங்கி கால் நடுங்கும், பேரு ஸ்கூட் அர் எய்ரா, பனி அருவின்னு அர்த்தம். அதோட விசேஷம் என்னன்னா அருவிக்குப் பின்னாடி நடந்து போகலாம். மேல கெட்டியான மணற்கல், கீழ மெத்துன பாறை, மெத்துனது கரைஞ்சு உள்ள வாங்கிடுச்சு, அதனால அருவிக்கும் பாறைக்கும் நடுவுல திண்ணை மாதிரி ஒரு இடம். முன்னெல்லாம் ஆடு மாட்டையே அந்த வழியா ஓட்டிட்டுப் போவாங்களாம். நாங்க உள்ள நின்னப்ப முன்னாடி தண்ணித் திரை, சத்தத்துல பக்கத்துல நிக்கறவ என்ன சொல்றான்னு கேக்கல, வீட்டம்மா கையைக் கூப்பிக்கிட்டு நின்னா, குற்றாலத்துல கூட அப்படி நின்னு நான் பாத்ததில்ல. அந்த காட்டுக்குள்ளயே கொஞ்சம் கீழ 1857லேர்ந்து 1931 வரைக்கும் வெடிமருந்து ஃபேக்டரி ஓடிச்சுன்னா நம்புவீங்களா, இப்ப இடிஞ்ச சுவரும் பாசியும் தான்.

வேல்ஸ் காடெல்லாம் இப்படின்னு நினைச்சுக்காதீங்க. நாங்க நடந்த காட்டுல பாதிக்கு மேல வரிசையா நட்ட ஊசியிலை மரம், உள்ள இருட்டு, ஒரு குருவி சத்தம் கிடையாது. முதல் உலகப்போர்ல மரத்துக்கு திண்டாடிப் போயி 1919ல வனக் கமிஷன் ஆரம்பிச்சு, மொட்டை மலையெல்லாம் வெளிநாட்டு ஸ்ப்ரூஸ் நட்டதோட விளைவு. எனக்கு அது இங்க பாக்கற பைன் தோப்பு மாதிரி தான் இருந்துச்சு, மரம் இருக்கு, காடு இல்ல.

அப்புறம் பேர் விஷயம். கட்டுரை முழுக்க ஸ்னோடன், ஸ்னோடோனியான்னே போட்டிருக்கீங்க. அந்த தேசியப் பூங்காக்காரங்க 2022லயே மலைக்கு அர் வித்வா, பூங்காவுக்கு எரரின்னு வெல்ஷ் பேரையே வைச்சுக்கறோம்னு முடிவு பண்ணிட்டாங்க. 2023ல ப்ரெக்கன் பீக்கன்ஸும் பன்னாய் ப்ரஹெய்னியோக் ஆயிடுச்சு. 1996ல மெட்ராஸ் போயி சென்னை வந்தப்ப சந்தோஷப்பட்டவங்க நாம, தூத்துக்குடியை டுட்டிகோரின்னு எவனாவது எழுதினா நமக்கு கோவம் வருது, வெல்ஷ்காரனுக்கு மட்டும் வராதா? போர்டுல எல்லாம் வெல்ஷ் முதல்ல, இங்கிலீஷ் கீழ. அதுல ரெண்டு எல் சேந்து வர ஒரு எழுத்து இருக்கு, பாதைங்கற வார்த்தையே அதுல தான் ஆரம்பிக்குது. நாக்கை லகரத்துக்கு வைச்சுக்கிட்டு காத்தை மட்டும் ஊதணும்னு அந்த கயிறு அறுத்த பெரியவர் தான் சொல்லிக் கொடுத்தாரு. வீட்டம்மா மூணாவது தடவையில சொல்லிட்டா, பதிலுக்கு அவரை ழ சொல்ல வைச்சா, அவருக்கு வரல, நாய் தான் ஒரு மாதிரி பாத்துச்சு.

அப்புறம் அந்த அர் வித்வா 1,085 மீட்டர், வேல்ஸுக்குத் தான் உச்சி, நீங்க போட்ட மாதிரி பிரிட்டனுக்கு இல்ல. பிரிட்டனோட உச்சி ஸ்காட்லாந்துல இருக்கற பென் நெவிஸ், 1,345 மீட்டர். இதையும் திருத்திடுங்க.

நம்ம தமிழ்நாட்டுல இப்படி விட முடியாதுன்னு எனக்குத் தெரியும். 2018ல குரங்கணி தீயில 23 பேர் போனதுக்கு அப்புறம் கெடுபிடி வந்தது நியாயம் தான், யானை, காட்டெருமை நடமாடற காட்டுக்கு வழிகாட்டி இல்லாம போகச் சொல்ல நான் பைத்தியம் இல்ல. 2024ல வனத்துறையே 40 பாதை திறந்து ஆன்லைன்ல புக் பண்ண விட்டிருக்கு, நல்லது. அதுக்கு அனுமதிச் சீட்டுன்னு பேரு. வேல்ஸ்ல நான் நடந்ததுக்கு பாத்தியம்னு பேரு. ரெண்டையும் ஒரே வார்த்தையில எழுதாதீங்க, அவ்வளவு தான் நான் கேக்கறது.

போற வாசகர்களுக்கு ஒண்ணு, மேல போனா மே மாசத்துலயும் பத்து நிமிஷத்துல மூடுபனி இறங்கிடும், எதிர்ல இருக்கறவன் தெரிய மாட்டான். வழி தவறினா 999 அடிச்சு போலீஸ் கேட்டு, மலை மீட்புக் குழு வேணும்னு சொல்லணும், வரவங்க எல்லாம் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கன்னுக்குட்டியோட நிக்கற பசுகிட்ட போகாதீங்க, காளையை விட அது தான் ஆபத்து.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் மகன் ஒருவன்,
கத்ர் போர்ன், மொரிஷியஸ்.

பி.கு: படத்துக்குக் கீழ "ஸ்னோடன் மலை அருவி"ன்னு போட்டிருந்தீங்களே, அது ஸ்கூட் அர் எய்ரா. ஸ்னோடன் இருக்கறது வடக்கு, இது தெக்கு, நடுவுல கார்ல கிட்டத்தட்ட நாலு மணி நேரம். படத்துல பின்பக்கத் திண்ணையில சேப்பு மழைக்கோட்டு போட்டு ஒரு அம்மா நிக்கறாங்க, எங்க வீட்டம்மா அது நானே தான்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கா, அவ கோட்டு பச்சை.