சனியா ஞாயிறா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுநாள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும் அதற்கு வந்த மறுப்புக் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். கிறிஸ்தவர்கள் வேலையை விட்டு ஓய்ந்து ஆராதிக்க வேண்டிய நாள் சனியா ஞாயிறா என்ற வழக்கு இந்த முறையும் தீரவில்லை, தீரவும் தீராது. சனி என்பவர்கள் ஆதியாகமத்தையும் பத்துக் கட்டளைகளையும் எடுத்து வைப்பார்கள், ஞாயிறு என்பவர்கள் உயிர்த்தெழுதலையும், துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல் நாளில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியதையும் காட்டுவார்கள், நடுவில் ஒருவர் எழுந்து ரோமர் 14-ஐ வாசித்து, எந்த நாள் என்பதை அவரவர் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று அப்போஸ்தலன் பவுலே சொல்லிவிட்டாரே என்பார். மூன்று பேர் கையிலும் வசனம் இருக்கிறது. ஆனால் இத்தனை பக்கங்களில் ஒருவர்கூட, ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் இந்த நான்காம் கட்டளை யாருடைய நன்மைக்காக வந்தது என்று கேட்கவில்லையே, அதுதான் என் ஆதங்கம்.

கட்டளையை நிதானமாக வாசித்துப் பாருங்கள். நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று பட்டியல் போகிறது. அதாவது இது தனக்குக் கீழே ஆட்களை வைத்திருப்பவனிடம் பேசுகிற கட்டளை. (மனைவி பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள், சரி, ஆனால் அன்று வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது என்று யாத்திராகமம் 35 சொல்வதால் யாருக்கு அதிக ஓய்வு கிடைத்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.) யாத்திராகமம் 20-ல் இதற்குக் காரணம் படைப்பு: தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-ல் மோசே அதே கட்டளையைத் திரும்பச் சொல்லும்போது காரணமே மாறிவிடுகிறது. நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்கிறார். 'உன்னைப்போலவே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எகிப்தில் என்ன நடந்தது? யாத்திராகமம் 5-ல் செங்கல் அறுக்கும் அடிமைகளாயிருந்த இஸ்ரவேல் ஜனங்கள் விடுப்பு கேட்டதற்கு எகிப்து மன்னன் பார்வோன் கொடுத்த பதில், செங்கலுக்குக் கொடுக்கும் வைக்கோலை நிறுத்து, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காதே என்பது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்களுக்கு வனாந்தரத்தில் முதல் பாடமே மன்னாதான், அதாவது தேவன் வானத்திலிருந்து தந்த அப்பம். ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைக்கும், ஏழாம் நாளில் கிடைக்காது, அன்று வெளியே போகாதே. சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகை கிடைப்பதற்கு முன்பே இது நடந்துவிட்டது. ஒருநாள் உழைக்காவிட்டாலும் சோறு உண்டு என்பதை அவர்கள் அங்கேதான் பழகினார்கள்.

அப்புறம் இயேசுவுக்கு வருவோம். பதினெட்டு வருஷமாய்க் கூனியாய் இருந்த பெண்ணை அவர் ஓய்வுநாளில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம், ஆனால் இயேசுவிடம் நேராகச் சொல்லாமல் ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறான்: வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சொஸ்தமாகுங்கள். இயேசு கொடுக்கிற பதிலில் எருதும் கழுதையும் வருகின்றன. ஓய்வுநாளில் அவற்றை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளாகிய இவளை அவிழ்க்கக் கூடாதா? எருது, கழுதை இரண்டும் உபாகமம் 5-ன் பட்டியலில் பெயர் சொல்லி இருப்பவை. ஆக அவர் ஓய்வுநாளை ரத்து செய்யவில்லை, அதன் காரணத்தை ஞாபகப்படுத்துகிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். (இதை வைத்து யூதர்களை இரக்கமற்றவர்கள் என்று பேசுவது அபாண்டம். உயிர் போகும் ஆபத்தென்றால் ஓய்வுநாளை மீறலாம் என்பது அவர்களுடைய மரபிலேயே உண்டு.)

சரித்திரத்தில் இன்னொன்றும் நம் ஆட்களுக்கு மறந்துபோகிறது. முதல் மூன்று நூற்றாண்டுகள் ஞாயிறு விடுமுறையே கிடையாது. கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடினார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதியிருக்கிறார், அவர் சித்திரவதை செய்து விசாரித்ததும் சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைத்தான். விடிந்தால் அடிமைக்கு எஜமானின் வேலை இருக்கும். 321-ல் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வாக அறிவித்தபோதும் நீதிமன்றத்துக்கும் நகரத்தாருக்கும் பட்டறைகளுக்கும்தான் ஓய்வு, வயல்வேலைக்கு விலக்கு, விதைக்க நல்ல நாள் தவறிவிடக் கூடாதாம். யாத்திராகமம் 34:21 என்ன சொல்கிறது? உழவு காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திரு என்கிறது. எந்த வேலையை மோசே பெயர் சொல்லி நிறுத்தினாரோ அதையே பேரரசர் பெயர் சொல்லித் தொடரவிட்டார்.

கொலோசெயர் 2-ன்படி ஓய்வுநாள் வெறும் நிழல், கிறிஸ்து வந்தபின் நிழல் எதற்கு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய இளைப்பாறுதல் கிறிஸ்துவில் நிறைவேறியிருக்கட்டும், சந்தோஷம். அவரிடம் வேலை செய்கிறவருக்கு வார விடுப்பு உண்டா? புதிய ஏற்பாட்டில்தான் யாக்கோபும், அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதுகிறார்.

எந்தக் கிழமையை ஆசரித்தாலும் இந்த இடத்தில் நாம் எல்லாரும் ஒரே ரகம். காலை ஆராதனையில் நான்காம் கட்டளையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மத்தியானம் நமக்குக் கீழே வேலை செய்பவருக்கு 'இதை மட்டும் இன்றைக்கே முடித்துக்கொடுங்கள்' என்று போனில் செய்தி தட்டுகிறோம். ஓய்வுநாள் எப்போது முடியும், கடை திறந்து கோதுமை விற்கலாமே என்று துடித்த வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி திட்டுகிறார், அவர்களாவது நாள் முடியும்வரை காத்திருந்தார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தத் தலைப்பைத் தொடும்போது போதகர்களிடமும் வேதசாஸ்திரிகளிடமும் மட்டும் கட்டுரை கேட்காதீர்கள். இரவுப் பணி செவிலியர், காவலாளி, வாரம் முழுக்க வீட்டுவேலைக்குப் போகிறவர், ஆராதனைக்கு வர முடியாமலே போகிற விசுவாசிகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இரண்டு பக்கம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்