அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடி அணி வட்டாரப் போட்டியில் வென்றது, கலைத் திருவிழாவிலும் பரிசுகள் வந்தன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டையை ஜனவரியில் பள்ளி திறந்ததும் தருகிறோம்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்பில் வேதிவினையின் வேகம் பற்றிய பாடம் நடந்தது. துத்தநாகத் துண்டுகளை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், அதைப் போல இரு மடங்கு செறிவுள்ள (அதாவது அமிலம் இரு மடங்கு கலந்த) 2 மோலார் அமிலத்திலும் தனித்தனியே போட்டுக் காட்டினோம். இரண்டாவதில் குமிழிகள் விரைவாகக் கிளம்பின. செறிவு கூடினால் அதே இடத்தில் துகள்கள் நெருக்கமாகிவிடும். ஷிப்டு முடியும் நேரத்துப் பழைய பஸ் ஸ்டாண்டைப் போல மோதல்கள் கூடும், வினையும் வேகமெடுக்கும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

அப்புறம் யூடியூபில் பார்த்த, பெராக்சைடில் ஈஸ்ட் போட்டு நுரை பொங்க வைக்கும் சோதனையைச் செய்ய இருவர் ஆசைப்பட்டிருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவரின் பையில் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று பந்துபோல உப்பியிருந்தது. உள்ளே சாயப்பட்டறையில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு. வேதியியல் ஆசிரியர் பிள்ளைகளை விலக்கிவிட்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மூடியைத் தளர்த்தினார். பாட்டிலைத் தொட்டிருந்த ஒரு மாணவியின் விரல் நுனிகள் வெளுத்து எரிந்தன. உடனே கழுவியதால் சரியாகிவிட்டது. கேட்டதற்கு, "எங்கப்பாதானுங்க சார் கொண்டாந்து குடுத்தாரு" என்று பதில் வந்தது.

மருந்துக்கடையில் கிடைக்கும் பெராக்சைடு பெரும்பாலும் 3 சதவீதம். அது ஒரு லிட்டர் முழுதும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்தால் சுமார் 10 லிட்டர் ஆக்சிஜன் வரும், கரைசல் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். சாயப்பட்டறைக் கேனில் இருப்பது பெரும்பாலும் 50 சதவீதம். அதில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். சிதைவை விரைவாக்கும் ஈஸ்ட் போன்ற ஒன்றைச் சேர்த்தால் செறிவால் வேகம் கூடும், வேகத்தால் சூடு ஏறும், அந்தச் சூடே வினையை மேலும் விரட்டும். தண்ணீர் கொதித்து ஆவியாகும் அளவுக்கு வெப்பம் வரும். அது முகத்தில் தெறித்தால் கண் போய்விடும்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். வேலை செய்யும் இடத்து ரசாயனம் எதுவும் பள்ளிக்கு வரக் கூடாது, வீட்டுக்கும் வரக் கூடாது. குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இனி எந்த மாணவரிடம் இருந்தாலும் அன்றே பெற்றோரை அழைப்போம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. தவறிப் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

அந்தத் தந்தை மீது எனக்குக் கோபம் இல்லை. இரவு ஷிப்டு முடித்து வந்தும், பிள்ளை படிக்கிறதே என்ற சந்தோஷத்தில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். விடுமுறையில் சோதனை செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு முட்டை ஓடும் வினிகரும் போதும். ஒரு டம்ளரில் வினிகரை அப்படியே ஊற்றி, இன்னொன்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரே அளவு ஓட்டுத் துண்டுகளைப் போடச் சொல்லுங்கள். எதில் குமிழி அதிகம் என்று பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

உங்களில் பலர் கேனில் வரும் பெராக்சைடை லிட்டருக்குச் சில கிராம் என்று அளந்து கலந்துதான் துணியை வெளுக்கிறீர்கள். கூடினால் துணி நைந்துவிடும் என்பது உங்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். ஜனவரியில் ஒரு நாள் பத்தாம் வகுப்புக்கு வந்து அதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? வெறுங்கையோடு வந்தால் போதும். வர விருப்பமுள்ளவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். இத்தனை நாளும் பள்ளிக்குத் துணை நின்றதற்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்