மாலே வேறு, மாலி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவு போகிற தோணிகளுக்குச் சரக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். வெங்காயம், செங்கல், ஜல்லி எது ஏறினாலும் சீட்டில் அந்த நாட்டுத் தலைநகரின் பெயரை ‘மாலே’ என்று எழுதுவேன். லகரத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பு. அதை விட்டுத் தலையில் விலங்கு போட்டால் ‘மாலி’ ஆகிவிடும். அது மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற நாடு. அங்கே தோணி போகவே முடியாது, கடற்கரையே கிடையாது.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ‘மாலேயில் ஆயுதக் குழு தாக்குதல்’ என்று தலைப்பு வந்தது. உள்ளே வாசித்தால் பமாகோ என்று இருக்கிறது. பமாகோ மாலியின் தலைநகர். ஆனால் பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா தலைப்போடு நிறுத்திவிட்டாள். அவள் மகள் மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை ஆறு மணிக்கே எனக்குப் போன் போட்டு, “பிள்ளைய உடனே கூட்டிட்டு வந்துருடே” என்று அழுதாள். மகளுக்கு லைன் கிடைக்கவில்லை. பத்தரை மணிக்கு அவளே கூப்பிடுகிற வரை அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்து கிடந்ததாம்.

இரண்டு நாட்டிலும் முஸ்லிம்களே அதிகம். அதனால் செய்தியில் பள்ளிவாசல் என்று வந்தாலும் வாசிக்கிறவருக்கு வித்தியாசம் பிடிபடாது. மக்களோ முற்றிலும் வேறு. மாலத்தீவுக்காரர்கள் பேசுவது திவேகி, சிங்களத்துக்கு உறவான மொழி, வலமிருந்து இடமாக எழுதுவார்கள். மாலியில் பெரும்பாலும் பம்பாரா.

நைஜர், நைஜீரியா கதையும் இதேதான். இரண்டும் 1960-இல் விடுதலை பெற்றவை, இரண்டிலும் நைஜர் ஆறு ஓடுகிறது. ஆனால் 2023 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது நைஜரில். அந்த ஊர்க்காரரை ‘நைஜீரியர்’ என்று எழுதினால் அது பக்கத்து நாட்டுக்காரரைக் குறிக்கும். ‘நைஜர் நாட்டவர்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

மேலப்பாளையத்துச் செய்தியைப் பாளையங்கோட்டை என்று போட்டால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அப்படித்தான் இதுவும். ‘மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி’, ‘மாலத்தீவுத் தலைநகர் மாலே’ என்று ஒன்றிரண்டு சொல் சேர்த்துப் போடுங்கள். சென்ற வாரச் செய்திக்குத் திருத்தமும் வேண்டும். அக்கா தெருவில் இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மாலத்தீவில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தோணிச் சரக்குக் கணக்கர் ஒருவர்,
தூத்துக்குடி