சோலார் இருந்தும் ஃபேன் சுற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசியில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்து சேர்ந்தது, வெயில் நாளில் 12 யூனிட்டாவது கிடைக்கிறது, பில்லும் இறங்கிவிட்டது, இதிலெல்லாம் குறையே இல்லை. சித்திரையில் ஒருநாள் பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குக் கரண்ட் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. மாடியில் கால் வைக்க முடியாத வெயில், பேனல் தகதகக்கிறது, கீழே ஒரு ஃபேன் சுற்றவில்லை. பழைய இன்வெர்ட்டர் புண்ணியத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், சூரியனுக்கும் இன்னைக்கு லீவா?" என்கிறார்.

லைனோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடுமாம். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதல்லவா, சரிதான். ஆனால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால், வீட்டை லைனிலிருந்து துண்டித்துவிட்டு உள்ளே மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். விற்க வந்தவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சரி, இப்போதாவது வாங்கலாம் என்றால் மானியம் பேனலின் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. வழக்கமாக வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி கணக்குக்கு 1.8 யூனிட், அதிலும் அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை வேறு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், பல வருஷம் உழைக்கும், விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது.

2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர்காரரிடம் காசு கொடுத்து செல்போன் சார்ஜ் போட்டோம், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓட்டவும் அவரைத்தான் தேடி அலைந்தோம். அன்று தெருவுக்கு ஒரு வீட்டில் பேட்டரியோடு சோலார் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அப்புறம், மத்தியானம் சோலார் வீட்டுக்காரர்கள் எல்லோரும் மிஞ்சிய மின்சாரத்தை லைனுக்கு அனுப்பிவிட்டு, விளக்கு வைத்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கிறோமே, பேட்டரி இருந்தால் அந்தச் சுமையும் குறையுமே.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு 3 யூனிட் தேக்கும் பேட்டரிக்காவது மானியம் கொடுங்கள். அதுவரை, "கரண்ட் போனால் இது ஓடாது" என்று விலைப்பட்டியலிலேயே தமிழில் அச்சடிக்கச் சொல்லி உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.